கடைசித் தீர்மானம் வரை

பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி. அணைகளின் முழுக் கொள்ளளவைக் குறிக்கும் இந்த உயரங்கள் திருநெல்வேலியில் வளர்ந்தவர்களுக்கு மனப்பாடம். எங்கள் உள்ளூர் கேபிள் சேனலின் ராத்திரி ஏழரை மணிச் செய்தி, இந்த மூன்று அணைகளிலும் அன்றைக்குத் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்பதோடுதான் தொடங்கும். அமைச்சர் வந்துபோன நாளானாலும் சரி, ஊரை உலுக்கிய கொலை நடந்த நாளானாலும் சரி, அணைக்கு அப்புறம்தான் மற்றதெல்லாம். கார் பருவத்துக்கு நாற்றுப் பாவலாமா, பிசானத்துக்குக் கடைசித் தண்ணீர் கிடைக்குமா என்று கணக்குப் போடுகிறவர்கள் பேட்டையிலும் சுத்தமல்லியிலும் அதற்காகவே காத்திருப்பார்கள். ஆற்றங்கரைத் தெருக்காரர்களின் கணக்கு வேறு. 1992 நவம்பரில் தாமிரபரணி வீட்டுக்குள் வந்ததைப் பார்த்தவர்கள் அவர்கள். ஐப்பசி, கார்த்திகை பிறந்துவிட்டால் மணிமுத்தாறு எத்தனை அடி என்று தெரியாமல் படுக்கப் போகமாட்டார்கள்.

அந்தச் செய்தியை வாசித்தவள் நான். பட்டப்படிப்பு முடித்த கையோடு, 2001இல் வேலைக்குச் சேர்ந்தேன். பாளையங்கோட்டையில் ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இரண்டு அறைகள்தான் மொத்த நிலையமும். ஓர் அறையில் சுவரோடு நீலத்துணி, அதற்கு முன்னால் ஒரு மேசை, இரண்டு ஹாலோஜன் விளக்கு, கல்யாண வீடுகளில் நிறைய உழைத்து வந்த ஒரு பானசோனிக் எம் 9000 கேமரா. மற்ற அறையில் இரண்டு வி.சி.ஆர்.களை இணைத்து எடிட்டிங். பிராம்ப்டர் கிடையாது, தாளைப் பார்த்துப் பாதி, நினைவிலிருந்து பாதி என்று வாசிக்க வேண்டும். மின்விசிறிச் சத்தம் மைக்கில் ஏறும் என்பதால் அதை அணைத்துவிட்டு, அந்த விளக்குச் சூட்டில் வாசித்து முடிப்பேன். ஆறரை மணிக்குள் கேசட் தயாராக வேண்டும். அதைப் பல பிரதிகள் எடுத்து, டி.வி.எஸ். 50இல் ஒரு பையன் மேலப்பாளையம், பேட்டை, தச்சநல்லூர் என்று ஒவ்வொரு ஆபரேட்டரின் கட்டுப்பாட்டு அறைக்கும் கொண்டுபோய்க் கொடுப்பான். அவர்கள் ஏழரைக்குத் தங்கள் வி.சி.ஆரில் போட்டு ஓட்டுவார்கள்.

இவ்வளவு எளிய ஏற்பாட்டில் ஒரு ஊர் தனக்கென்று ஒரு செய்தியை வைத்துக்கொள்ள முடிந்ததே, அது அந்தக் காலத்தின் கொடை. 1993 தமிழ்ப் புத்தாண்டில் சன் டி.வி. வந்த பிறகு தெருத்தெருவாகக் கேபிள் ஓடியது. 1995 சட்டப்படி தலைமை அஞ்சலகத்தில் பதிவு செய்துகொண்டால் ஒருவர் கேபிள் ஆபரேட்டர். மொட்டை மாடியில் டிஷ், கீழே சேனலுக்கு ஒரு மாடுலேட்டர். இன்னொரு மாடுலேட்டர் வாங்கி, அதில் ஒரு வி.சி.ஆரைச் செருகினால் உள்ளூர் சேனல் பிறந்துவிடும். பகலெல்லாம் பாட்டும் படமும், சாயங்காலம் பிறந்தநாள் வாழ்த்தும் காதணி விழா அழைப்பும் மரண அறிவித்தலும், ஏழரைக்குச் செய்தி. இந்த அமைப்பு அந்நாளில் தமிழ்நாட்டின் ஊர்தோறும் இருந்தது.

எங்கள் செய்தி ஆசிரியரை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். நாளிதழ்களுக்குத் தாலுகா நிருபராக நெடுங்காலம் எழுதியவர். வாசிக்க வந்த என்னைச் செய்தியாளராக்கியவர் அவர்தான். “வாசிக்கது கடைசி வேலம்மா. அதுக்கு முந்தி இருக்கு ஏழு வேல” என்பார். காலை எட்டு மணிக்குப் பொதுப்பணித் துறை அலுவலகத்துக்கு போன் போட்டு நீர்மட்டம் வாங்குவதில் ஆரம்பிக்கும் அந்த வேலை. பிறகு மின்வாரியத்தில் மறுநாள் மின்தடை எந்தெந்தப் பகுதிக்கு என்று கேட்பது, பூ மார்க்கெட்டில் மல்லிகை, பிச்சி விலை, ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனை, கொக்கிரகுளத்தில் கலெக்டர் அலுவலக மனுநீதி நாள், சாயங்காலம் காவல் நிலையங்களுக்கு ஒரு சுற்று. பெரும்பாலான நாட்களில் பெரும்பாலான இடங்களில் ஒன்றும் கிடைக்காது. கிடைக்காவிட்டாலும் போக வேண்டும். போய்க்கொண்டிருந்தால்தான் கிடைக்கிற நாளில் நம்மைக் கூப்பிட்டுச் சொல்ல அங்கே ஓர் ஆள் இருக்கும்.

அவர் எனக்குக் கொடுத்த முக்கியமான வேலை மாநகராட்சிக் கூட்டம். 1994இல் நகராட்சிகளை இணைத்து உருவான திருநெல்வேலி மாநகராட்சிக்கு 55 வார்டு, நான்கு மண்டலம். மாமன்றக் கூட்டம் பதினோரு மணிக்கு என்றால் தொடங்கப் பன்னிரண்டாகும். முதல் அரைமணி நேரம் சத்தம். குடத்தோடு ஓர் உறுப்பினர் வருவார், குப்பையைக் கையில் ஏந்தி இன்னொருவர் வருவார், ஒரு கட்சி வெளிநடப்புச் செய்யும். மற்ற கேமராக்களுக்கு அது போதும். வெளிநடப்பு விஷுவல் கிடைத்ததும் கிளம்பிவிடுவார்கள். அண்ணாச்சி எங்களை விடமாட்டார். “வெளிய போறவங்களப் படம்புடிச்சாச்சுல்லா? இனிமே உள்ள இருக்கவங்களப் பாரு. கடைசித் தீர்மானம் வரைக்கும் எந்திரிக்கக் கூடாது” என்பார்.

பாதிக் கூடம் காலியான பிறகுதான் உண்மையான வேலை நடக்கும். மன்றப் பொருள் என்று ஒரு தடித்த கட்டு இருக்கும். எந்தத் தெருவில் சாலை, யாருக்கு ஒப்பந்தம், எந்தக் கடைக்கு என்ன வாடகை, எந்த வரி எத்தனை சதவீதம் எல்லாம் அதில்தான். அவற்றை வரிசையாக எண் மட்டும் சொல்லிப் படிப்பார்கள், மேசையைத் தட்டுவார்கள், நிறைவேறிவிடும். நான் மடியில் கட்டை வைத்துக்கொண்டு எண்ணைப் பார்த்துப் பார்த்து அடிக்கோடு போடுவேன். ஒரு முறை ஒரு பகுதியின் குடிநீர் இணைப்புக்கான வைப்புத்தொகையை உயர்த்தும் பொருள் அப்படி நொடியில் நிறைவேறியது. அன்று ராத்திரி அதை வாசித்தேன். மறுநாள் காலை அந்தப் பகுதிப் பெண்கள் தங்கள் கவுன்சிலர் வீட்டு முன்னால் நின்றார்கள். அடுத்த கூட்டத்தில் அது மறுபரிசீலனைக்கு வந்தது. நாங்கள் யாரையும் அம்பலப்படுத்தவில்லை, யார் மீதும் குற்றம் சொல்லவில்லை. நடந்ததை, நடந்த அன்றே, அது யாரைப் பாதிக்குமோ அவர்களுக்குச் சொன்னோம். ஒரு செய்தி நிலையம் ஊருக்குச் செய்யக்கூடிய பெரிய காரியம் அதுதான் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். இன்றைக்கும் எனக்கு அதில் மாற்றுக் கருத்து இல்லை.

இந்த உழைப்புக்கெல்லாம் காசு எங்கிருந்து வந்தது? முக்கியமாக ஆபரேட்டர்களின் மாதச் சந்தாவில் ஒரு பங்கு. துணிக்கடை, நகைக்கடை, அல்வாக்கடை விளம்பரம். ஆனி மாதம் நெல்லையப்பர் தேரோட்டம் எங்களுக்கு அறுவடைக் காலம். ஐந்து தேரும் நிலை சேரும் வரை நேரலை. வடம் பிடிக்க வர முடியாத வயதானவர்கள் வீட்டிலிருந்தே கும்பிடுவார்கள். அந்த ஒரு நாள் விளம்பரத்தில் பல மாதச் சம்பளம் வந்துவிடும். தேரும் தீபாவளியும் சேர்ந்து மாநகராட்சிக் கூட்டத்தைச் சுமந்தன. யாரும் விளம்பரம் தராத செய்திக்கு, எல்லோரும் விளம்பரம் தரும் நிகழ்ச்சி சோறு போட்டது. இந்தக் கணக்கு குலையாமல் இருந்தவரை நாங்கள் நன்றாக இருந்தோம்.

குலைந்தது ஒரே நாளில் இல்லை. செயற்கைக்கோள் சேனல்கள் பெருகப் பெருக உள்ளூர்க் கடைக்காரர்கள்கூட விளம்பரத்தை அங்கே கொண்டுபோனார்கள். 2011 செப்டம்பரில் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தது. பார்க்கிற குடும்பங்களுக்கு அது பெரிய ஆறுதல்; எங்கள் அம்மாவே மகிழ்ந்தாள். ஆனால் ஆபரேட்டரின் கையில் நின்ற தொகை சுருங்கியது, அதில் எங்களுக்கு வந்த பங்கும் சுருங்கியது. பின்னால் 2017இல் எங்கள் பக்கமும் டிஜிட்டல் வந்து, வீட்டுக்கு வீடு செட்டாப் பாக்ஸ் வைத்ததும் மாடுலேட்டரின் காலமே முடிந்தது. அதற்குப் பிறகு ஓர் உள்ளூர் சேனல் தெரிய வேண்டுமென்றால் என்கோடர் வேண்டும், பெரிய நெட்வொர்க்கில் ஓர் எண் வேண்டும், அதற்கு மாதாமாதம் கட்டணம் வேண்டும். மாடியில் இரண்டு அறையை வைத்துக்கொண்டு அதைச் சமாளிக்கிற வலு எல்லோருக்கும் இருக்கவில்லை.

டிஜிட்டல் வருவதற்கு முன்பே, செலவைக் குறைக்க வேண்டும் என்று முதலாளி எங்களைக் கூட்டி உட்கார வைத்த சாயங்காலம் ஞாபகம் இருக்கிறது. அவர் கெட்டவர் இல்லை. கைக்காசு போட்டுச் சம்பளம் கொடுத்தவர். கணக்கு நோட்டை விரித்துக் காட்டினார். எந்த வேலைக்கு எவ்வளவு போகிறது, எது எவ்வளவு கொண்டுவருகிறது என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதியிருந்தார். திருமண மண்டப நிகழ்ச்சிக்குப் போன கேமரா காசு கொண்டுவந்திருந்தது. பள்ளி ஆண்டு விழாவுக்குப் போனது கொண்டுவந்திருந்தது. மாநகராட்சிக் கூட்டம் என்ற வரியில் செலவு மட்டும் இருந்தது: ஒரு நாள் முழுக்க இரண்டு ஆள், பெட்ரோல், இரண்டு சாப்பாடு; வரவுக் கட்டம் வெறுமை. அண்ணாச்சி அந்த வெறுமையான கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “இதுல என்ன வந்துச்சுன்னு இந்த நோட்டுல எழுத முடியாது முதலாளி. ஆனா வந்துச்சு” என்றார். முதலாளி தலையாட்டினார். அடுத்த மாதத்திலிருந்து கூட்டத்துக்கு நாங்கள் போகவில்லை. மாநகராட்சியின் செய்திக்குறிப்பு வரும், அதை வாசிப்போம்.

அதற்குப் பின்னால் செய்தியின் உருவமே மாறிக்கொண்டு வந்தது. அரைமணி நேரம் கால்மணியானது. கேமராவுக்குக் கட்டணம் கட்டுகிற அமைப்புகளின் விழாக்கள்தான் செய்தி என்றானது. ரத்ததான முகாம், கடை திறப்பு, பொன்னாடை, நினைவுப் பரிசு. இவையும் ஊரின் நிகழ்வுகள்தான். அவற்றை நான் குறைவாக நினைக்கவில்லை. ஆனால் காசு கொடுத்தவர்களின் நிகழ்வுகள் மட்டுமே நிரம்பிய ஒரு செய்தியில், காசு கொடுக்க முடியாதவர்களின் ஊர் காணாமல் போய்விடுகிறது. அணை நீர்மட்டம் கீழே ஓடும் எழுத்துக்குப் போனது. பிறகு ஒரு நாள், அலுவலகத்துக்கு போன் போட ஆளில்லாமல், அதுவும் நின்றது. மார்க்கெட்டில் கருவேப்பிலை விற்கும் ஒரு ஆச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஏ தாயி, மணிமுத்தாறச் சொல்லமாட்டேங்கியளே, எதுவும் கோளாறா?” என்று கேட்டாள். சேனலில் நடந்த எந்த மாற்றத்தைப் பற்றியும் வேறு யாரும் என்னிடம் கேட்டதில்லை.

2011 ஆகஸ்டில் புதிய தலைமுறை தொடங்கியதும் தமிழில் 24 மணி நேரச் செய்திக்கு ஒரு புதுக் காலம் பிறந்தது. அடுத்தடுத்துப் பல சேனல்கள் வந்தன. மாவட்டந்தோறும் செய்தியாளர் தேவைப்பட்டார். அப்படி வந்த ஒரு சேனலில் எனக்கும் வேலை கிடைத்தது. முதல் சில வருடங்கள் நான் கண்ட நல்ல வருடங்களில் சேரும். ஒளிப்பதிவாளர், உதவியாளர், வாகனம், முதுகில் மாட்டிக்கொண்டால் எங்கிருந்தும் நேரலை கொடுக்கும் பேக்பேக். நான் கேபிளில் இருந்த நாளில் சென்னைக்கு ஒரு விஷுவல் போக வேண்டுமென்றால் நெல்லை எக்ஸ்பிரஸில் கேசட்டைக் கொடுத்துவிட்டு மறுநாள் வரை காத்திருப்பார்கள். இப்போது மாஞ்சோலை மலைப்பாதையில் சிக்னல் கிடைக்கும் ஒரு வளைவில் நின்றுகொண்டு நேரடியாகப் பேசினேன். கூடங்குளம் போராட்டம் நடந்த அந்த நாட்களில் கடற்கரை ஊர்களில் தங்கித் தங்கிச் செய்தி தந்தோம். சென்னையில் இருந்த இன்புட் ஆசிரியர் ஒருவர், “இன்னும் ரெண்டு நாள் இருந்து பாத்துட்டு வாங்க மேடம், அவசரமில்ல” என்பார். செய்தித் துறையில் ஒரு மேலதிகாரி சொல்லக்கூடிய மிக அருமையான சொல் அது.

பிறகு அங்கேயும் கணக்கு நோட்டு விரிந்தது. முதலில் வாகனம் போனது. பிறகு உதவியாளர். பார்வையாளர் கணக்கு வரும் வியாழக்கிழமைகளில் சென்னை அலுவலகத்தின் முகமே மாறும். எந்த அரைமணியில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதை வைத்து அடுத்த வாரம் அமையும். விவாத நிகழ்ச்சி ஏன் எல்லாச் சேனல்களின் ராத்திரிகளையும் பிடித்துக்கொண்டது என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கணக்கு எளிது. ஓர் அரங்கு, ஒரு நெறியாளர், நான்கு விருந்தினர். ஒரு மணி நேரம் நிரம்பிவிடும். அதே ஒரு மணி நேரத்தைக் களச் செய்தியால் நிரப்ப வேண்டுமென்றால் பல மாவட்டங்களில் பல குழுக்கள் நாள் முழுக்க அலைந்திருக்க வேண்டும். 2020 அக்டோபரில், பார்வையாளர் எண்ணிக்கையில் முறைகேடு என்ற சர்ச்சையால் செய்திச் சேனல்களுக்கான வாராந்திர அளவீட்டையே பார்க் நிறுவனம் நிறுத்திவைத்தது. 2022 மார்ச்சில்தான் மறுபடி வந்தது. அந்த இடைவெளியில் வியாழக்கிழமைப் பதற்றம் இல்லை. ஆனால் அதற்குள் களத்திலிருந்த ஆட்கள் குறைந்துபோயிருந்தார்கள். அளவீடு நின்றதால் அவர்கள் யாரும் திரும்பி வந்துவிடவில்லை.

கொரோனா ஊரடங்கு, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்ததை விரைவாக்கியது. என்னோடு இருந்த ஒளிப்பதிவாளருக்கு ஒரு காலையில் தொலைபேசி வந்தது. முந்தைய வருடம்தான் சொந்தக் கடனில் கேமரா வாங்கியிருந்தார். “அக்கா, இனிமே நீங்களே போன்ல எடுத்துருவீங்களாம்” என்று என்னிடம் சொன்னபோது அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நான் போனில் எடுக்கப் பழகினேன். நன்றாகவே எடுத்தேன். இன்றைய கைப்பேசி காட்டும் படம் அன்றைய எம் 9000ஐவிடப் பல மடங்கு தெளிவு. ஆனால் ஒருவர் கேமராவைப் பார்க்கும்போது இன்னொருவர் மனிதர்களைப் பார்க்க வேண்டும். துக்க வீட்டில் நான் ஒரு தாயிடம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கையில், ஒளிப்பதிவாளர் பின்னால் தள்ளி நின்று, எப்போது எடுக்கக் கூடாது என்று தானே முடிவு செய்வார். ஒரே ஆள் இரண்டையும் செய்யும்போது அந்தத் தாய்க்கு முன்னால் நான் நீட்டுவது போனைத்தான்.

2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. நிர்வாகம் இரண்டாகப் பிரிந்தது. என் வேலையோ சேர்ந்துகொண்டே போனது. நெல்லை, தென்காசி இரண்டும் எனக்கு. சில மாதங்கள் தூத்துக்குடியும். சங்கரன்கோவிலில் ஒரு போராட்டம், திருச்செந்தூரில் ஒரு விபத்து என்றால் இரண்டையும் வாட்ஸப்பில் வாங்கித்தான் அனுப்ப முடியும். செய்தி நூறு வினாடி வேகச் செய்திகளில் ஒன்றாகப் போகும். ஒரு ஊரின் குடிநீர்ப் பஞ்சத்துக்குக் கிடைப்பது இரண்டு வாக்கியம். ஏன், எப்போதிலிருந்து, யார் பொறுப்பு என்ற மூன்று கேள்விக்கும் அதில் இடமில்லை.

இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. 2016 அக்டோபரில் உள்ளாட்சி மன்றங்களின் காலம் முடிந்தது. நகர்ப்புறத் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். அந்த ஐந்து வருடத்துக்கு மேல் மாநகராட்சியைத் தனி அதிகாரிகள் நடத்தினார்கள். கூட்டமே இல்லை, கவுன்சிலரே இல்லை. அந்தக் காலத்தில் செய்தித் துறைக்கு வந்த இளைஞர்கள் பலர் ஒரு மாமன்றக் கூட்டத்தைக்கூடப் பார்க்காமலேயே செய்தியாளர்களானார்கள். தேர்தல் முடிந்து மன்றம் மறுபடி கூடியபோது, மன்றப் பொருள் கட்டை எப்படிப் படிப்பது, ஒத்திவைப்புக்கும் நிராகரிப்புக்கும் என்ன வேறுபாடு என்று சொல்லிக்கொடுக்க மூத்தவர்கள் அநேகமாக யாரும் இல்லை. ஒரு தொழில் இப்படித்தான் தன் நினைவை இழக்கிறது. சம்பளப் பட்டியலிலிருந்து ஒரு மூத்தவரை எடுக்கும்போது, அவர் அடுத்தவருக்குச் சொல்லியிருக்கக்கூடிய எல்லாமும் சேர்ந்து போகிறது.

2021இல் நானும் வெளியே வந்தேன். அதனால் 2023 டிசம்பர் மழையின்போது நான் எந்தச் சேனலின் ஆளும் இல்லை.

டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. விடாத மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது என்று மறுநாள்தான் தெரிந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளோடு செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுபோனது. இங்கே தாமிரபரணி கொக்கிரகுளம், சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம் எல்லாவற்றிலும் ஏறியது. ஜங்ஷன் பக்கம் தெருவும் ஆறும் ஒன்றானது. மின்சாரம் போனது, டி.வி. இருந்து என்ன பயன்? கையில் சார்ஜ் இருந்தவர்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் வந்தவை பெரும்பாலும் பழைய வெள்ளப் படங்களும், அணை உடைந்துவிட்டது என்ற குரல் பதிவும். எங்கள் தெருவில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடத் தொடங்கிவிட்டார்கள்.

என் பழைய குறிப்பு நோட்டில் பொதுப்பணித் துறைக்காரர்கள் சிலரின் எண்கள் இருந்தன. அவர்களில் ஓய்வுபெற்ற ஒருவர் எடுத்தார். அவர் மூலமாகப் பணியில் இருந்த ஒருவரின் எண். அவர் அந்த நெருக்கடியிலும், என் குரலை அடையாளம் கண்டுகொண்டு, எந்த அணையிலிருந்து எவ்வளவு வெளியேறுகிறது, அணைகளுக்கு ஆபத்தில்லை, ஆற்றோரத் தெருக்கள் மட்டும் உடனே காலி செய்ய வேண்டும் என்று சுருக்கமாகச் சொன்னார். அதை என் பெயரைச் சொல்லி ஒரு நிமிடக் குரல் பதிவாக்கி, தெரிந்த வாட்ஸப் குழுக்களில் போட்டேன். “நம்ம கேபிள் டி.வி.ல வாசிப்பாவள்லா, அவ சொல்லுதா” என்று அது எங்கெங்கோ போயிருக்கிறது. டவர் படுத்துவிடும் வரை, எனக்கு முன்பின் தெரியாதவர்கள் கூப்பிட்டு, “எங்க தெரு எப்படிம்மா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

அந்த ராத்திரிக்குப் பிறகு எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. கேமரா, அரங்கு, அலைவரிசை, கேபிள் எதுவும் அன்றைக்கு வேலை செய்யவில்லை. ஊருக்கு அவை தேவைப்படவும் இல்லை. எங்கே கேட்க வேண்டும் என்று தெரிந்த ஓர் ஆள், கேட்டால் பதில் சொல்லும் ஓர் உறவு, சொன்னால் நம்பும் ஓர் ஊர் ஆகிய மூன்றும் இருந்தால் வேலை நடக்கும். ஒன்றும் கிடைக்காத நாட்களிலும் போய்க்கொண்டிருந்த வருடங்களில் சேர்ந்தவை அவை. செலவுக் குறைப்பில் முதலில் வெட்டப்பட்டதும் அந்த வெறும் நாட்கள்தான்.

செய்தி வாசிக்கச் செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. 2023இல் ஒடிசாவின் ஓ.டி.வி., லிசா என்ற கணினி உருவத்தைச் செய்தி வாசிக்க வைத்தது. 2024 மே மாதம் விவசாயிகளுக்கான டி.டி. கிசான் சேனலில் கிரிஷ், பூமி என்று இருவர் வந்தார்கள். வாசித்துப் பிழைத்த எனக்கு அதில் பகை இல்லை. அண்ணாச்சி சொன்னபடி வாசிப்பது கடைசி வேலை. பிசானம் போட்டவருக்கு மணிமுத்தாற்றின் அளவைக் கிரிஷ் சொன்னாலும் நல்லதே. காலை எட்டு மணிக்கு அந்த அளவைக் கேட்டு வாங்கியது யார், அது தவறாக இருந்தால் சந்தேகப்படப் போவது யார் என்பது மட்டுமே என் கேள்வி.

இந்த வெட்டு நம் ஊருக்கு மட்டும் வந்ததில்லை. அமெரிக்காவில் பல ஊர்களில் உள்ளூர் நிலையங்கள் நடத்திவந்த ஆலன் மீடியா குழுமம், அந்த நிலையங்களின் வானிலை அறிக்கையை அட்லாண்டாவில் இருக்கும் வெதர் சேனலிலிருந்தே தயாரித்து அனுப்பப் போவதாக 2025 ஜனவரியில் அறிவித்தது. ஊர் வானிலையாளர்களின் வேலை போகும் என்று தெரிந்ததும் பார்வையாளர்கள், அது கூடாது என்று குரல் எழுப்பினார்கள். பல நிலையங்களில் குழுமம் பின்வாங்கியது. அதைப் படித்தபோது எனக்குக் கருவேப்பிலை ஆச்சியின் நினைவு வந்தது. அவள் ஒருத்தி கேட்டாள். அவளைப் போல் இன்னும் நூறு பேர் முதலாளியின் மாடிப்படி ஏறிக் கேட்டிருந்தால், அந்த நோட்டின் வெறுமையான கட்டத்தில் எழுத அவருக்கு ஏதாவது கிடைத்திருக்கும்.

இப்போது ஊரில் கைப்பேசியும் யூடியூபுமாகச் செய்தி நடத்தும் பிள்ளைகள் பலர். அவர்களிடம் நீலத்துணி இல்லை, ஹாலோஜன் இல்லை. அதற்காக நான் வருந்தவில்லை. அந்தச் சூட்டில் யாரும் இனி வேக வேண்டியதில்லை. சிலர் என்னிடம் வருகிறார்கள். மன்றப் பொருள் கட்டைப் படிக்கச் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு தங்கச்சி போன கூட்டத்தில் கடைசிவரை இருந்து, ஒரு வார்டின் மழைநீர் வடிகால் பணி மூன்றாவது முறையாக ஒத்திவைக்கப்பட்டதைச் செய்தியாக்கினாள். அதைப் பார்த்தவர்கள் சில ஆயிரம் பேர்தான். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் அந்த வார்டுக்காரர்கள். சென்னையிலிருந்து பார்த்தால் அது ஒன்றுமில்லாத எண்ணிக்கை. அந்தத் தெருவிலிருந்து பார்த்தால் அநேகமாக எல்லா வீடும்.

அவளுக்கு மாதச் சம்பளம் கொடுக்க இன்று யாரும் இல்லை. ஊர் வியாபாரிகள், குடியிருப்போர் நலச் சங்கங்கள், சந்தா கட்டத் தயாரான வாசகர்கள் எல்லோரும் சேர்ந்து சுமந்தால் முடியாத தொகை இல்லை அது. தேர் சுமந்ததை இனி ஊர் சுமக்க வேண்டும். சேனல் நடத்துகிறவர்களுக்கும் நான் சொல்ல விரும்புவது ஒன்று. செலவைக் குறைத்தே ஆக வேண்டிய நாள் உங்களுக்கும் வரும். எங்கள் முதலாளிக்கு வந்ததுபோல, நியாயமான காரணத்தோடேயே வரும். அரங்கைச் சுருக்குங்கள், வாகனத்தை விட்டுவிடுங்கள், போனிலேயே படம் எடுங்கள், வாசிக்க இயந்திரத்தையே வைத்துக்கொள்ளுங்கள். கடைசித் தீர்மானம் வரை கூட்டத்தில் உட்காரும் அந்த ஓர் ஆளின் சம்பளத்தை மட்டும் எல்லாவற்றுக்கும் கடைசியில் தொடுங்கள். மற்றவற்றைப் பணம் வந்த பிறகு மறுபடி வாங்கிவிடலாம். அந்த ஆள் உருவாக வருடங்கள் வேண்டும்.